அண்டி ஆபீஸ் வீட்டில் ஒரு பிறந்தநாள் கேக்: பால், முட்டை, முந்திரி ஒவ்வாத சிறுமிக்காகச் செய்த கேக் பற்றிய நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தில் கருங்கலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடைப்பட்ட ஊரொன்றில், ஆறு வயது நிறையவிருந்த ஒரு சிறுமிக்குப் பிறந்தநாள் கேக் செய்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். அவளுக்குப் பசும்பால், முட்டை, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்றும் ஒவ்வாதவை. தக்கலையில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்பவள் என்ற முறையில் முட்டை சேர்க்காத கேக் எனக்குப் புதிதன்று. ஆனால் ‘எக்லெஸ்’ என்று நம் ஊரில் விற்கப்படும் கேக்குகளில் பெரும்பாலானவை முட்டையின் இடத்தைக் கண்டென்ஸ்டு மில்க்காலோ தயிராலோ நிரப்புபவை என்பதால் அந்தச் செய்முறைகள் இவளுக்கு உதவாது. முந்திரியை விலக்குவது அதனினும் கடினம். அவளுடைய அப்பாவைப் பெற்ற பாட்டி அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பின் தோல் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் அடுப்பெரியும் பணத்தில் ஒரு பங்கு முந்திரியிலிருந்தே வருகிறது.

மருத்துவப் பின்னணி

இரண்டு வயதுக்கு முன்பே பாலும் முட்டையும் ஒவ்வாதவை என்று தெரிந்துவிட்டது. பால் குடித்த சற்று நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்து தடிப்பதும் வாந்தி எடுப்பதும் வழக்கமாக இருந்தன. முந்திரி வெளிப்பட்டது பிறகுதான். ஒரு கல்யாண வீட்டில் பாலடைப் பிரதமன் வேண்டாம் என்று விலக்கிவிட்டு, தேங்காய்ப்பாலில் செய்த பருப்புப் பாயசத்தில் இரண்டு கரண்டி கொடுத்திருக்கிறார்கள். அதில் மேலே தூவிய முந்திரி இருந்தது. உடலெங்கும் தடிப்பு எழும்பி, இருமல் தொடங்கி, குரல் கம்மியதால் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அட்ரீனலின் ஊசி போட வேண்டியதாயிற்று. தோல் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் அளவும் மூன்றையும் உறுதிப்படுத்தின. முந்திரிக்கு நெருங்கிய உறவான பிஸ்தாவையும் சேர்த்தே விலக்கும்படி மருத்துவர் எழுதிக்கொடுத்தார். முந்திரிப் புரதத்துக்கு எதிர்வினை காட்டும் உடல் பெரும்பாலும் பிஸ்தாவுக்கும் அதையே காட்டும்.

தேங்காய், கோதுமை, வாழைப்பழம், கருப்பட்டி ஆகியவற்றை அவள் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தயக்கமின்றிச் சாப்பிட்டு வருகிறாள். இந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் பின்னர் எடுத்த முடிவுகள் அனைத்தும் நின்றன.

சுட்டால் போய்விடுமா?

கேக் பற்றிப் பேச நான் முதன்முறை சென்றபோது சிறுமியின் தாய்மாமனும் அங்கே இருந்தார். வளைகுடா நாடொன்றில் பேக்கரி வேலை பார்த்தவர். “அடுப்புல நல்லா வெந்தா பாலு முட்டை விஷமெல்லாம் போயிருமே, கொஞ்சம் போட்டாத்தான் என்ன?” என்பது அவருடைய கருத்து. இதை முழுக்கத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. பால் அல்லது முட்டை ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோர், மாவோடு கலந்து ஏறத்தாழ 180 பாகைச் சூட்டில் அரை மணி நேரம் வெந்த பாலையோ முட்டையையோ தாங்கிக்கொள்கிறார்கள் என்பது மருத்துவ உலகில் நிலைபெற்ற செய்தி. முட்டையின் ஓவால்புமின், பாலின் பீட்டா லாக்டோகுளோபுலின் போன்ற புரதங்கள் சூட்டில் உருக்குலைந்து, உடலுக்கு அடையாளம் தெரியாதவை ஆகிவிடுகின்றன. ஆனால் முட்டையிலுள்ள ஓவோமியூகாய்டும் பாலிலுள்ள கேசீனும் சூட்டுக்கு எளிதில் அசையாதவை. எந்தக் குழந்தையின் உடல் எந்தப் புரதத்தைக் கண்டு வெகுண்டெழுகிறது என்பதை மருத்துவமனையில், ஊசி மருந்து கையருகே இருக்க, சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிறந்தநாள் பந்தல் அதற்கான இடமன்று. முந்திரியைப் பொறுத்தவரை இந்தச் சலுகைகூட இல்லை; வறுத்தாலும் சுட்டாலும் அதன் ஒவ்வாமைத் தன்மை போவதில்லை.

‘லாக்டோஸ் நீக்கிய பால் கிடைக்கிறதே’ என்று வேறொருவர் சொன்னார். லாக்டோஸ் பாலிலுள்ள சர்க்கரை. அது செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு ஏற்படும். இவளுக்கு ஒவ்வாதது பாலின் புரதம். ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதத்தை ஒத்தது என்பதால் அதுவும் விலக்கப்பட்டது. நெய்யிலும் வெண்ணெயிலும் புரதத்தின் மிச்சம் ஒட்டியிருக்கும் என்பதால் அவையும் வேண்டாமென்று தாய் முன்பே முடிவு செய்திருந்தார்.

பொருள் தேர்வு

இத்தகைய கேக்குகளுக்கு இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பாதாம்பால், சோயாப்பால், ஆளி விதை, முந்திரிக் கிரீம் என்று ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைச் சொல்லிக்கொண்டே போகின்றன. வழக்கமான கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வாதவற்றைக் கழித்து, கழித்த இடத்தில் புதியதை வைக்கும் முறை அது. இந்தச் சிறுமி இதுவரை வாயில் வைத்தறியாத ஒன்றை அவளுடைய பிறந்தநாளன்று, உறவினர் கூட்டத்தின் நடுவே முதன்முறையாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே அவள் ஒரு வாரத்தில் சாப்பிடும் அனைத்தையும் தாயிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தப் பட்டியலில் உள்ளவற்றைக் கொண்டு மட்டுமே கேக் எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்தோம். மைதா, கருப்பட்டி, ஏத்தன்பழம் (நேந்திரன் வாழைப்பழம்), தேங்காய்ப்பால், தேங்காயெண்ணெய், கூவைமாவு (ஆரோரூட் மாவு), ஏலக்காய், கிராம்பு, உப்பு ஆகியவை பட்டியலிலேயே இருந்தன. ஆப்பச்சோடா ஆப்பத்தின் வழியாகவும் வினிகர் ஊறுகாயின் வழியாகவும் முன்பே அவளுக்குப் பழகியிருந்தன.

சிறுமி கேட்டது ‘கறுப்புக் கேக்’. சாக்லேட் கேக்கைத்தான் அப்படிச் சொன்னாள். கடையில் கிடைத்த கோகோ பொட்டலத்தில் பாலும் கொட்டைகளும் கையாளப்படும் ஆலையில் தயாரானது என்ற எச்சரிக்கை இருந்ததால் அதை வாங்கவில்லை. நல்ல கருப்பட்டியே போதிய நிறத்தைக் கொடுத்துவிடும் என்று நான் சொன்னதைத் தாய் அரைமனத்தோடுதான் ஏற்றுக்கொண்டார்.

பொட்டலச் சீட்டுகளைப் படிப்பது பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவு முத்திரைச்சீட்டு ஒழுங்குமுறைகளின்படி, பால், முட்டை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, சோயா, மீன், இறால் நண்டு வகைகள், கோதுமை போன்ற, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவை சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் அதை அறிவித்தாக வேண்டும். பச்சைப் புள்ளி இதற்குத் துணை செய்யாது. அது சைவம் என்பதற்கான அடையாளம், பால் அதன் கணக்கில் சைவம். எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது ‘நான்-டெய்ரி’ விப்பிங் கிரீம். நம் பேக்கரிகளில் கேக்கின் மேல் பூசப்படும் வெள்ளைக் கிரீம் பெரும்பாலும் இதுதான். பெயரைக் கேட்டால் பால் இல்லாதது என்றே தோன்றும். பொருட்பட்டியலைப் படித்தால் பல தயாரிப்புகளில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பாலிலிருந்து பிரித்தெடுத்த கேசீனேயன்றி வேறில்லை. மார்ஜரினிலும் பால் திடப்பொருள் சேர்வதுண்டு. மார்சிபான் என்று இங்கே விற்கப்படுவது பெரும்பாலும் முந்திரியை அரைத்துச் செய்தது. பேக்கரியில் எடை போட்டு வெட்டித் தரும் கேக்குக்கோ படிப்பதற்குச் சீட்டே கிடையாது.

தேங்காயைப் பற்றி அடிக்கடி ஒரு கேள்வி எழும். அது மரக்கொட்டை வகையைச் சேர்ந்ததல்ல. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேங்காயை மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. தேங்காய் இல்லாமல் குமரி மாவட்டத்தில் ஒரு வேளைச் சாப்பாடு நடப்பதே அரிது என்பதால், இது நல்ல செய்திதான்.

முட்டை செய்த வேலையை யார் செய்வது

முட்டை கேக்கில் நான்கு வேலைகளைச் செய்கிறது: வெந்ததும் இறுகிக் கட்டுமானமாக நிற்கிறது, காற்றைப் பிடித்து வைக்கிறது, எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைக்கிறது, ஈரம் தருகிறது. ஒரே பொருளால் இந்த நான்கையும் ஈடுசெய்ய முயன்றால் கேக் களியாகிவிடும். இந்தக் கேக்கில் உயர்த்தும் வேலையை ஆப்பச்சோடாவும் வினிகரும் எடுத்துக்கொண்டன. இரண்டும் சேர்ந்த கணமே கரியமிலவாயு பிறக்கிறது. ஈரமும் ஓரளவு பிடிப்பும் ஏத்தன்பழத்திலிருந்து கிடைத்தன. வீட்டில் மட்டிப்பழத்தையும் நினைத்துப் பார்த்தார்கள். குமரி மாவட்டத்தின் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையும் பேச்சில் வந்துபோனது. ஆனால் மாவுச்சத்து கூடிய ஏத்தனே இந்த வேலைக்குப் பொருத்தம். கட்டுமானம் முழுவதும் மைதாவின் குளூட்டன் மேல்தான் விழுந்தது. கோதுமையும் ஒவ்வாத குழந்தையாக இருந்திருந்தால் அரிசிமாவை வைத்து முற்றிலும் வேறொரு கேக்கைத்தான் யோசித்திருக்க வேண்டும்.

ஓர் ஏழு அங்குல டின்னுக்கு நாங்கள் நிலைப்படுத்திக்கொண்ட அளவு இது: மைதா 200 கிராம், கருப்பட்டி 180 கிராம், இரண்டாம்பால் 200 மில்லி, நன்கு கனிந்த ஏத்தன்பழம் மசித்தது 100 கிராம், தேங்காயெண்ணெய் 75 மில்லி, ஆப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்ப்பொடி சிறிது, கிராம்பு ஒன்றிரண்டு பொடித்தது. மாறாமலையில் விளையும் கிராம்பு காரம் கூடியது என்பதால் ஒன்றே போதும்.

சிரட்டையில் வார்த்த கருப்பட்டியை உடைத்து இரண்டாம்பாலில் இளஞ்சூட்டில் கரைத்தபோது, பனையோலைத் துணுக்குகளும் கறுத்த மணலும் பாத்திரத்தின் அடியில் தங்கின. அதை மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் நின்ற கடைசிக் கரண்டியளவை ஊற்றாமல் விட்டோம். குழந்தையின் பல்லில் ஒரு மணல் நெரிபட்டால் பிறகு அந்தக் கேக் அவள் நாவுக்கு ஏறாது.

முன்னோட்டமாகச் செய்த கேக் நடுவில் பிசுபிசுத்தது. அதில் பழம் கூடுதலாக இருந்ததும், இரண்டாம்பாலுக்குப் பதிலாகத் தலைப்பால் சேர்ந்ததால் கொழுப்பு மிகுந்ததும் காரணங்கள். வினிகர் சேர்த்த பிறகு மாவுக்கலவை அடுப்பு சூடாகக் காத்திருந்தது இன்னொன்று. அதற்குள் பிறந்த வாயுவெல்லாம் வெளியேறிவிடுகிறது. அளவைத் திருத்தி, அடுப்பை முதலிலேயே சூடாக்கி வைத்து, மாவில் உலர்ந்த கட்டி மறையும் அளவுக்கு மட்டும் கிளறி உடனே ஏற்றியபோது கேக் சீராக எழுந்தது. அதிகம் கிளறினால் குளூட்டன் இறுகி, கேக் ரப்பர் போல் ஆகிவிடும்.

பாத்திரமும் கையும்

இந்த நிகழ்வில் அதிகக் கவனத்தைக் கோரியது பொருள் தேர்வன்று, பாத்திரம். என் சமையலறையில் நாள்தோறும் வெண்ணெயும் முட்டையும் முந்திரியும் புழங்குகின்றன. அங்கே செய்து கொண்டுபோவதை ஆரம்பத்திலேயே விலக்கினோம். சிறுமியின் வீட்டு அடுப்பில், அவளுக்கென்று தனியே வைத்திருந்த பாத்திரங்களோடு செய்வதென முடிவாயிற்று. கேக் டின் புதிதாக வாங்கினோம். பழைய டின்னின் விளிம்பு மடிப்புகளில் பல ஆண்டு வெண்ணெய் கரிந்து ஒட்டியிருக்கும், எந்த நாராலும் அதை எடுக்க முடியாது. மரக்கரண்டியும் விரிசலுள்ள பிளாஸ்டிக் கிண்ணமும் ஒதுக்கப்பட்டன. மிக்சி ஜாரின் பிளேடைக் கழற்றி அடியிலிருந்த வாஷரை எடுத்துக் காட்டியபோது, அதன் பள்ளத்தில் வெளிறிய பசை போல ஏதோ படிந்திருந்தது. குருமாவுக்கு அரைத்த முந்திரியா, தேங்காயா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஜார் ஒதுக்கப்பட்டது, பழம் முட்கரண்டியால் மசிக்கப்பட்டது, தேங்காய்ப்பால் கையால் பிழியப்பட்டது.

வெந்நீரில் அலசினால் ஒவ்வாப்பொருள் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போவதில்லை, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கைக்கும் அதுவே, சானிட்டைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. மளிகைக் கடையில் முந்திரியும் ரவையும் மைதாவும் ஒரே அள்ளுகரண்டியில் அள்ளப்படுவதைப் பார்த்திருக்கிறோம் என்பதால், சில்லறையாக எதையும் வாங்காமல் மூடிய பொட்டலமாக மட்டும் வாங்கினோம்.

பாட்டியை எப்படிச் சமையலறைக்கு வெளியே நிறுத்துவது என்பதில் தாய்க்குச் சங்கடம் இருந்தது. அவர் அண்டி ஆபீசிலிருந்து வந்ததும் கொல்லைப்புறத்திலேயே குளித்து உடை மாற்றிய பிறகுதான் பேத்தியைத் தொடுவார். முந்திரித்தோலின் பொடி சேலை மடிப்பில் தங்கும் என்பதை யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார். இருந்தும் அவருக்கு மனக்குறை. “அண்டிப்பருப்பு ஒண்ணு கூடப் போடாம என்ன கேக்கு மோளே? வெள்ளைப்பருப்பு நல்ல முழுப்பருப்பா நானே பொறுக்கிக் கொண்டு வரமாட்டேனா?” என்று என்னிடம் கேட்டார். வாழ்நாளெல்லாம் உரித்துக் கொடுத்த பொருள் பேத்தியின் வாய்க்கு மட்டும் ஆகாது என்பதை மனது ஏற்க எவ்வளவு காலம் வேண்டியிருக்கும் என்று நான் கணக்கிட முயலவில்லை. தேங்காய் துருவிப் பால் பிழியும் வேலையை அவரிடமே ஒப்படைப்பது என்று தாய் எடுத்த முடிவு, இந்த ஏற்பாட்டிலேயே மிக நுட்பமானது என்பது என் எண்ணம். அன்று அவர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார்.

சுட்டதும் பூசியதும்

வீட்டில் ஓவன் இல்லை. அடிகனத்த அகன்ற சருவத்தில் கல்லுப்பை விரலளவு உயரத்துக்குப் பரப்பி, நடுவில் ஒரு சும்மாடுபோலத் தாங்கி வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு டின்னை இறக்கினோம். மிதமான தீயில் வேக 50 நிமிடம் ஆயிற்று. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்ததும் இறக்கினோம். பால் இல்லாத கேக் மேலே சிவப்பது குறைவு. கருப்பட்டியின் நிறம் அக்குறையை மறைத்தது. இவ்வாறு இரண்டு செய்து அடுக்கினோம்.

பூச்சுக்குத் தேங்காய்க் கிரீமை அடித்துப் பயன்படுத்துவது பரவலான யோசனை. ஆனால் தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகையிலேயே உருகத் தொடங்குவது, நம் கடலோரச் சூட்டில் மேசைக்கு வருமுன் வழிந்துவிடும். எனவே தலைப்பாலில் கருப்பட்டிப் பாகையும் கூவைமாவையும் கரைத்து, அல்வா பதத்துக்கு முன்பே இறக்கி, ஆறவைத்துப் பூசினோம். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் குடித்த கூவைக்கஞ்சியின் மணம் அதில் இருந்தது. மேலே தேங்காய்த்துருவலை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்துத் தூவினோம். தோவாளையிலிருந்து வந்த ரோஜாக்களைக் கேக்கின்மீது வைக்க ஒரு சித்தி விரும்பினார். மருந்தடித்த பூவுக்குத் தின்னும் பொருளின்மீது வேலையில்லை என்பதால் அவை தட்டைச் சுற்றி மட்டுமே வைக்கப்பட்டன.

குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இந்தக் கேக் கட்டியாக இறுகும். வெளியே வைத்தால் தேங்காய்ப்பால் பூச்சு மாலைக்குமேல் புளிக்கும். ஆகவே காலையில் சுட்டு, பிற்பகலில் பூசி, மாலையில் வெட்டுவதென்று நேரம் வகுத்தோம்.

விருந்து

விருந்தினருக்கு வேறொரு பேக்கரி கேக்கும் சிறுமிக்கு மட்டும் இதுவும் என்ற ஏற்பாட்டை நான் எதிர்த்தேன். ஒரே மேசையில் இரண்டு கேக்குகளும் ஒரே கத்தியும் இருந்தால் செய்ததெல்லாம் வீணாகும். அதோடு தனக்கென்று ஒதுக்கிய துண்டைத் தின்னும் குழந்தைக்கு அது பிறந்தநாள் ஆகாது. எல்லோருக்கும் இதே கேக். மிக்சரும் ஜிலேபியும் விலக்கப்பட்டு, வீட்டிலேயே தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்சும் அவித்த சுண்டலும் வைக்கப்பட்டன. தடிப்பு மட்டும் வந்தால் எந்த மருந்து, மூச்சிரைப்போ தொடர் வாந்தியோ சோர்வோ கண்டால் ஊசிக்காக உடனே எந்த மருத்துவமனை என்று மருத்துவர் எழுதிய தாள் சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. வண்டியின் சாவி தந்தையின் சட்டைப்பையில் இருந்தது. அவை தேவைப்படவில்லை.

சிறுமி முதல் துண்டைப் பாட்டிக்கு ஊட்டினாள். பிறகு தான் இரண்டு துண்டுகள் தின்றுவிட்டு, ‘இது கறுப்புக் கேக் இல்ல, கருப்பட்டிக் கேக்’ என்று தீர்ப்பும் சொன்னாள். தாய்மாமன் தொழில்முறைக் கண்ணோடு ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்து, பூச்சில் இனிப்பு சற்று மிகுதி என்றார். அது உண்மை, அடுத்த முறை அதில் கருப்பட்டியைக் குறைப்பதாகக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு மருத்துவமனையில் வெந்த பாலைச் சிறுகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பால், முட்டை ஒவ்வாமை வளர வளரத் தணிவது பரவலாக நடப்பது, கொட்டை ஒவ்வாமை தணிவது அரிது. அதற்கு முன் கிறிஸ்துமஸ் வருகிறது. முந்திரி போட்ட பிளம் கேக்குக்கு ஈடாக ஒன்று வேண்டுமென்று பாட்டி இப்போதே கேட்டுவிட்டார். முந்திரிக்குப் பதிலாகத் தேங்காய்ப் பல்லைத் தேங்காயெண்ணெயில் சிவக்க வறுத்துச் சேர்க்கலாம் என்பது முடிவாகிவிட்டது. முந்திரி மூட்டைக்கு அருகில் கொட்டி வைக்காத உலர்திராட்சையை எங்கிருந்து வாங்குவது என்பதுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது.